வலைக்கண்

கட்டைவிரல் நுழையுமா,
கைமுட்டி நுழையுமா,
தலையே நுழையுமா?
இப்படித்தான் ஓட்டைகளை அளக்கிறாள்
சம்ஃபியாவிலிருந்து படகில் வந்த ஜோஸ்லின்.
முழங்காலில் அட்டை. காதில் செருகிய பேனா.

கட்டைவிரல் ஏழு.
நான்கு, எலி.
ஒன்று, மெழுகுவர்த்தி:
காய்ச்சலில் கிடந்த கலூபா
கண் திறக்கிறாளா என்று பார்க்கும் அவசரத்தில்
வலைக்குள் கொண்டுபோய்விட்டேன்.
உருகிய விளிம்பு கறுப்புப் பாசிமணியாக
இன்னும் விரலில் நெருடுகிறது.
மற்ற இரண்டும் எப்படி வந்தன, தெரியாது.

கைமுட்டி ஒன்று.
கபாசோ தூக்கத்தில் பந்து உதைப்பவன்.

அந்தப் பக்கத்தை மடித்துப் பிடித்திருந்தேன்.
விரித்துவிட்டாள்.
தலை நுழையும் சதுரம்;
அதில் மாவுச்சாக்கு ஒட்டு.
கலூபா மணப்பெண் ஆன நாள் அது.
முக்காட்டுக்குத் துணி வேண்டியிருந்தது,
கத்தரி கைக்கு எட்டியிருந்தது.
மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு ஆடு.
அடித்தேன்.
அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தேன்.
தைத்தது ராத்திரியில், மீன்வலை நூலால்.

"எப்போது துவைத்தீர்கள்?"
மழை விட்ட வாரம்.
வாளியில், கட்டி சோப்பில், கசக்காமல்.
காயப்போட்டது மாமர நிழலில்.
வெயில் மருந்தைத் தின்றுவிடும் என்று
போன தடவை நீதானே சொன்னாய்.
அழுக்குத் தண்ணீரைக்கூட
ஏரிப்பக்கம் போகவிடாமல்
மேட்டில் குழிவெட்டி ஊற்றினேன்.
மீனுக்கு ஆகாது என்றாயே.

"மூன்று கொடுத்தோம். இரண்டுதான் தொங்குகிறது."

கட்டோங்கோ கொண்டுபோயிருக்கிறார்,
சதுப்புக்குள், மீன்பிடிக் குடிசைக்கு.
படுக்க.

படுக்க, என்று எழுதினாள்.

அவளுக்குப் பின்னால் பாயில்
அவர் அனுப்பிய மீன் காய்ந்துகொண்டிருந்தது.
சுண்டுவிரல் நகமளவு.
மீன்வலை என்றால்
கண்ணில் நழுவி, வளர்ந்து,
அடுத்த வருஷம் வந்திருக்கும்.
கொசுவுக்கே வழிவிடாத கண்
குஞ்சுக்கா விடும்?

திரும்பிப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
பாயெங்கும் பொடிப்பொடியாகக் கண்கள்,
ஒன்றுக்கும் இமை கிடையாது.
சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.
மரவள்ளிக் களியும் அந்த மீனும்.
விடியற்காலையிலிருந்து நடக்கிறவள்,
தட்டை வழித்துத் தின்றாள்.
எழுதியதை அடிக்கவில்லை.

போகும்போது கடைசிக் கேள்வி:
"நேற்று ராத்திரி இதற்குள் படுத்தது யார் யார்?"
எல்லோரும், என்றேன்.
ஓரத்தில் யார் என்று கேட்க
அவள் தாளில் இடமில்லை.

ஓரத்தில் படுப்பவனின் முழங்கை
தூங்கத்தூங்க வலையில் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டிய இடத்தில்
வெளியே நின்றபடியே குடித்துவிட்டுப் போகும்.
மருந்து வற்றிய வலை இது, மூன்று வருஷப் பழசு.
சின்னது நடுவில். கலூபா அதை ஒட்டி.
எனக்கு ஒரு ஓரம்.
இன்னொன்று, கேட்காமலே, கபாசோவுக்கு.
ஒன்பது வயது.
இந்த வருஷம் இரண்டு முறை காய்ச்சல்.

இருட்டியதும்
விளிம்பைப் பாய்க்கடியில் செருகுகிறேன்,
மூலைமூலையாக, தடவித் தடவி.
சதுப்பில் இந்நேரம்
அந்த மூன்றாவது வலை
தண்ணீருக்குள் விழித்திருக்கும்.
அதைப் போட்டவர் மேல்
சாணிப்புகை தவிர ஒன்றுமிருக்காது.
வரட்டும், பேசிக்கொள்கிறேன்
என்று தினம் நினைக்கிறேன்.
வரும்போது கூடையோடு வருகிறார்.

உள்ளே ஒன்று பாடுகிறது.
எப்படி நுழைந்ததோ.
காதருகே வரும்வரை மூச்சை அடக்கி
ஒரே தட்டு.
உள்ளங்கையில் ஈரம், வெதுவெதுப்பாக.
யாருடையது என்று பார்க்க
மெழுகுவர்த்தி ஏற்றமாட்டேன்.

கபாசோவின் முழங்கையை
உள்ளே இழுத்து வைக்கிறேன்.
உதைக்கிறான்.
இழுத்து வைக்கிறேன்.